கடைசித் தாள் என்னிடம் இருக்கிறது

போன மாதம், மஞ்சள் ஏலம் நடக்கிற ஒரு நாள். நாமகிரிப்பேட்டையில் அன்றைக்கு எங்கள் மெடிக்கலில் கூட்டம் தாங்காது. மூட்டையோடு வந்தவர்கள் ஏலம் முடிவதற்குள் பிரஷர் மாத்திரையும் முட்டிவலித் தைலமும் வாங்கிவிட வேண்டுமென்று நிற்பார்கள். கல்லாவில் நான். உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் பஷீர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

கடை முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. என் வயதுதான் இருக்கும், ஒரு அம்மாள் இறங்கினார். அரக்குக் கரை போட்ட நூல்சேலை, கையில் மஞ்சப்பை. கூட்டத்தை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்தார். மெடிக்கலுக்கு வருகிறவர்கள் முதலில் சீட்டை நீட்டுவார்கள். இவர் பையைக் கல்லாவின் கண்ணாடி மேல் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"கடைசித் தாள எடு புள்ள. புத்தகத்தத் தாரேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாகத் திருடி, திருடி என்று நான் வாய் ஓயாமல் சொல்லிவந்த பூங்கொடி, பத்துப் பேருக்கு முன்னால் என் கடை வாசலில் நிற்கிறாள். போதாததற்கு, அதற்கு மூன்று வாரம் முன்புதான் இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், அவளைப் பற்றி எழுதிக் கிழித்திருந்தேன்.

அந்த வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் ஒரு காமிக்ஸ் வரிசை இருக்கிறது. ஷெரீஃப் பர்ட்டன் என்கிற குதிரைக்காரனின் கதைகள். எல்லாப் புத்தகமும் உண்டு, ஒன்றைத் தவிர. அது 'செங்குன்றுச் சதி'. கல்லூரித் தோழி ஒருத்தி வாங்கிப் போய் ஏப்பம் விட்டுவிட்டாள் என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டு ராய்ப்பூர் போனவள் என்று எழுதிவிட்டு, பெயர் போடவில்லை என்று பெருமை பேசினால் யார் நம்புவார்கள்.

அதே கட்டுரையின் கடைசி வரி, 'புத்தகம் அவளிடம் இருக்கலாம். கடைசித் தாள் இன்றும் என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.' வீறாப்பாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறாள்.

தாள் அடமானம்

கடைசித் தாள் எப்படி என்னிடம் மாட்டியது என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

சேலத்தில் கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. அத்தா பூட்டுக் கடை வைத்திருந்தார். ஊருக்கெல்லாம் பூட்டு விற்றவர், என் புத்தகங்களுக்கு மட்டும் ஒரு பூட்டுத் தரமாட்டார். படிக்கத்தானே புத்தகம், பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறாய் என்பார். என் இரண்டு அண்ணன்களின் சிநேகிதர்கள் படைபடையாக வந்து என் காமிக்ஸ்களை வாங்கிப் போவார்கள். போனது போனதுதான். நான் தெருவில் இறங்கிப் போய் வசூல் பண்ண முடியாது. பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று சொல்லி வாசல்படி வரைக்கும்தான் எனக்கு எல்லை போட்டிருந்தார்கள்.

நான் அழுது பார்த்தேன், அண்ணன்களின் சட்டைப் பொத்தானை அறுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது வழி தெரிந்தது.

அந்தக் காலத்துக் காமிக்ஸ் புத்தகங்களுக்குப் பக்கவாட்டில் இரண்டு கம்பிப் பின் அடித்து, மேலே அட்டையைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஆவி காட்டினால் அட்டை தானாக விட்டுக்கொடுக்கும். கொண்டை ஊசியால் பின்னை நிமிர்த்தினால் கடைசித் தாள் மட்டும் அலுங்காமல் கையோடு வரும். மறுபடி வைத்து மடக்கினால் கழற்றிய சுவடே தெரியாது. நான் சத்தியமாக ஒரு தாளையும் கிழித்ததில்லை. புத்தகத்தைக் கிழிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

அன்றிலிருந்து என்னிடம் புத்தகம் வாங்குகிறவர்களுக்குக் கடைசித் தாள் கிடைக்காது. கொலைகாரன் யார் என்று துப்பறிகிறவர் வாயைத் திறக்கிற இடத்தில் புத்தகம் முடிந்துவிடும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், வாசலில் நிற்கவைத்துத் தாளைக் கொடுப்பேன். என் கண் முன்னால் படித்துவிட்டுத் தாளையும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பெரியண்ணனின் சிநேகிதன் ஒருத்தன், மீசை முளைத்த ஆள், புத்தகம் வாங்கிப் போன அன்று சாயங்காலமே மூச்சிரைக்க ஓடிவந்தான். வாசலில் நின்று தாளைப் படித்தான். "சே, இவனா," என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். அந்த வாசல்படி எனக்குப் போட்ட எல்லை என்பது மறந்து, அது என் ராஜ்ஜியத்தின் கோட்டைவாசல் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். தெருவுக்குப் போகாமலே தெருவை என்னிடம் வரவழைத்த திமிர் அது. இன்னும் இறங்கவில்லை.

இப்போது வருகிற காமிக்ஸ்கள் கெட்டி அட்டை, வழவழத் தாள், நூல் போட்டுத் தைத்தவை. தாளைக் கழற்ற முடியாது. அதனால் இரண்டு பாகமாக வருகிற கதைகளில் முதல் பாகத்தை மட்டும் கொடுப்பேன். காலத்துக்கு ஏற்ற மாதிரி நாமும் மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

சிபாரிசு என்கிற வைத்தியம்

மெடிக்கல் வைத்திருக்கிறவள் காமிக்ஸ் படிக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. மெடிக்கல் வைத்திருக்கிறவள்தான் படிக்க வேண்டும். கடையில் பாதி நேரம் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர் முகம், டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரியாமல் முழிப்பவர் முகம். அந்த முகங்களுக்கு மாத்திரை போதாது.

என் சிபாரிசுக்குச் சில பத்தியங்கள் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரே புத்தகம். 'சூப்பரா இருக்கும், படிங்க' என்று சொல்லவே கூடாது. சொன்னால் எதிராளி உடனே வக்கீலாகிவிடுவார். பெஞ்சின் மேல், சண்டை நடக்கிற பக்கத்தை விரித்துக் குப்புற வைக்காமல், மல்லாக்க வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். முக்கியமாக, முடிவைச் சொல்லவே கூடாது. பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது. இந்த ஒன்றை நான் மீறியதே இல்லை.

சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்குப் போர்க்களக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில், ரத்தமே காட்டாமல், ஊர் திரும்பாத பிள்ளைக்காகத் தினமும் ஒரு தட்டு அதிகம் வைக்கிற அம்மாவைக் காட்டும். படித்த பிறகு உதடு தானாக இறங்கிவிடும். எழுத்தே கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு ஆயாவுக்கு வசனமே இல்லாத படக்கதை கொடுத்தேன். மறுவாரம் வந்து எனக்கே கதை சொன்னது. நான் கவனிக்காத ஒரு நாய், எட்டாவது பக்கத்தில், ஜன்னலுக்குப் பின்னால் இருந்ததாம். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து தலைவலி மாத்திரை கேட்கிறவர்களுக்குச் சிரிப்புக் கதைதான் மருந்து. ஆனால் மாத்திரையையும் கொடுத்துவிடுவேன். வியாபாரம் வேறு, வைத்தியம் வேறு.

கோழிப்பண்ணை பெரியசாமி அண்ணன் கதையைச் சொல்லாமல் விட்டால் அவர் கோபித்துக்கொள்வார். சர்க்கரை மாத்திரைக்கு வந்தவர். எனக்குப் புஸ்தகமெல்லாம் ஆவாதுங்க, முட்டை விலை பாக்கறதோட சரிங்க என்று சொல்லிக்கொண்டேதான் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஷெரீஃப் பர்ட்டன் மல்லாக்கக் கிடந்தான். அரை மணி கழித்து மனிதர் எழுந்து, புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மாத்திரையை மறந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் பேரன் மாத்திரைக்கு வந்தான். அவர் சாயங்காலம் கடைசித் தாளுக்கு வந்தார்.

அரிசிம்பருப்புச் சோற்றுக்காரி

பூங்கொடிக்கு வருகிறேன்.

சேலத்தில் நாங்கள் இருவரும் பார்மசி படித்தோம். நான் வீட்டிலிருந்து போய்வந்தேன். அவள் ஹாஸ்டல். திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு கொண்டுவருவாள். அரிசியும் பருப்பும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வேகவைத்து மேலே நெய் ஊற்றிய சோறு. ஆறிப்போய்த்தான் இருக்கும். அப்படியும் நான் அவளுக்குக் கால்பங்குதான் மிச்சம் வைப்பேன். பதிலுக்கு என் டப்பாவில் கறி இருந்தால் அவள் ஒரு துண்டு விடமாட்டாள். அவள் வீட்டுக் கறியை மட்டும், ஹலால் இல்லை என்று நான் தொடமாட்டேன்.

காமிக்ஸை அவளுக்குக் காட்டியது நான்தான். முதல் வாரம் படம் மட்டும் பார்த்தாள். இரண்டாவது வாரம் வகுப்பில் மருந்துச் சரக்கியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தாள். மூன்றாவது வாரம் ஷெரீஃப் பர்ட்டனை விட அவன் குதிரைதான் புத்திசாலி என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். குதிரையின் பெயர் புழுதி. சாம்பல் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. பர்ட்டன் மாட்டிக்கொள்ளும் எல்லாக் கதையிலும் அதுதான் கட்டை அவிழ்க்கும்.

செங்குன்றுச் சதியை ஒரு வெள்ளிக்கிழமை வாங்கிப் போனாள். தோழி என்பதற்காகச் சட்டம் மாறவில்லை, கடைசித் தாளைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்தேன். திங்கட்கிழமை வந்துவிடுவேன், தாளை எடுத்துவை என்றாள். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வியாழக்கிழமை அவளுடைய அறைத்தோழி ஒரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மாப்பிள்ளைக்கு ராய்ப்பூரில் போர்வெல் தொழில், அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டுமாம், அடுத்த புதன் முகூர்த்தம். பூங்கொடி என்னை வரச் சொல்லியிருந்தாள், அவசியம் வரச் சொல்லியிருந்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரை எழுதியபோதும் நைசாக விட்டுவிட்டேன். அந்த அறைத்தோழியிடம் நான் ஐயோ என்று சொல்லவில்லை. படிப்பு என்ன ஆகும் என்று கேட்கவில்லை. அவள் அழுதாளா என்று கேட்கவில்லை. அத்தா அவ்வளவு தூரம் விடமாட்டார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'என் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லு' என்றும் சேர்த்துச் சொன்னேன்.

உலகத்தில் வேறு எந்தப் பெண்ணும் கல்யாணப் பத்திரிகைக்கு அப்படி ஒரு பதில் அனுப்பியிருக்கமாட்டாள். காமிக்ஸ் பைத்தியத்துக்குத்தான் அது வரும்.

மேஜை இழுப்பறையில் இருந்தது என்ன

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். கடைசித் தாள் என் மேஜை இழுப்பறையில் இல்லை. அது போய் இருபது வருஷமாவது இருக்கும்.

கல்யாணமாகி நாமகிரிப்பேட்டை வந்தபோது அந்தத் தாளையும் கொண்டுவந்தேன். கடை மேஜை இழுப்பறையில், வெள்ளைத் தாள் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அப்போதெல்லாம் உதிரி மாத்திரைகளைக் காகிதக் கவரில் மடித்துக் கொடுப்போம். கையில் அகப்பட்ட தாளை நான்காக வெட்டி, மடித்து, பசை ஒட்டிக் கவர் செய்வது பஷீரின் வேலை. ஒரு மழைநாளில் மனிதர் வெள்ளைத் தாள் தீர்ந்த பிறகும் மடித்துக்கொண்டே போயிருக்கிறார். நான் கவனித்தபோது ஷெரீஃப் பர்ட்டனின் தொப்பி போட்ட ஒரு கவர் மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் நான் தொடுவதற்குள், வயிற்றுப்போக்கு மாத்திரையைப் போட்டு ஒருவரிடம் நீட்டிவிட்டார். அவர் சைக்கிளில் போயே போய்விட்டார்.

நான் மூன்று நாள் பேசவில்லை. பாவம், பஷீர் ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், உங்க வீட்டுக் கவரில் குதிரைப் படம் இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வயிறு சரியாகிவிட்டதா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் விவரமாகப் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, புத்தகம் அவளிடம். கடைசித் தாள் நாலு பேர் வயிற்று உபாதையோடு போய்ச் சேர்ந்தது. ஆனாலும் தாள் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவந்தேன். அவள் பக்கம் மட்டும்தான் தப்பு என்று இருக்க வேண்டுமல்லவா.

மறுபடி கடை வாசல்

"எடு புள்ள, தாள," என்றாள் பூங்கொடி மறுபடியும்.

முதலில் உட்கார், டீ சொல்கிறேன் என்றேன். டீ குடித்துவிட்டுத்தான் வந்தாளாம். கூட்டமாக இருக்கிறதே என்றேன். கூட்டம் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றதே தவிர யாரும் மாத்திரை கேட்கவில்லை. மேஜை இழுப்பறைச் சாவி வீட்டில் இருக்கிறது என்றேன். அப்போது பார்த்து, கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்ட பஷீர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"எந்தத் தாள், ஜரீனா? நான் கவர் மடிச்சுட்டேனே, அந்தக் குதிரைத் தாளா?"

முப்பது வருஷ இல்லறத்தில் அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று நான் பெருமைப்பட்டதுண்டு. அன்றைக்கு அந்தப் பெருமையெல்லாம் ஆவியாகிவிட்டது.

பூங்கொடி என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேச ஆரம்பித்தாள். வேண்டுமென்றேதான் புத்தகத்தை எடுத்துப்போனாளாம். அறைத்தோழி வந்து என் பதிலைச் சொன்னபோது மடியில் புத்தகம் இருந்ததாம், கொடுத்து அனுப்பத்தான் எடுத்து வைத்திருந்தாளாம். அதைக் கேட்டதும் பெட்டியின் அடியில், கூறைப்புடவைக்குக் கீழே போட்டுவிட்டாளாம்.

"நான் போறத விடப் புத்தகம் போறதுதான் உனக்குப் பெருசாப் போச்சு. அதான் அதையும் கூட்டிட்டுப் போயிட்டேன்," என்றாள்.

வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடிக்குக் கீழே இருந்த இருமல் மருந்துப் பாட்டில்களை நேராக அடுக்கினேன்.

ராய்ப்பூரில் முதல் வருஷம் பாஷை தெரியாது. வீட்டுக்காரர் ரிக்கோடு போனால் மூன்று வாரம், நான்கு வாரம் வரமாட்டார். வீட்டில் தமிழில் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான். எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவளிடமிருந்த கடைசிப் பக்கத்தில், பர்ட்டனைக் கரையில் தள்ளிவிட்டுப் புழுதி பள்ளத்தில் விழும். நான்கு காலும் ஆகாயத்தில். அதோடு புத்தகம் தீர்ந்துவிடும். குதிரை என்ன ஆயிற்று என்று நினைத்து நினைத்து அழுதாளாம். குதிரைக்காக அழுதேனா எனக்காக அழுதேனா தெரியாது, ஆனால் குதிரை பேரைச் சொல்லி அழுதால் வீட்டுக்காரர் கேள்வி கேட்கமாட்டார் என்றாள். பிறகு மகள் பிறந்து, அவளுக்குக் கதை சொல்லும்போது, புழுதி பள்ளத்துக்கு அடியில் ஓடுகிற ஆற்றில் நீந்தி வந்துவிட்டது என்று இவளாகவே முடித்துக்கொண்டாளாம். இப்போது குடும்பத்தோடு திருச்செங்கோட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்களாம்.

"தாள்தான் போச்சு. வாய்லயாச்சும் சொல்லு புள்ள. பொழைச்சுதா, இல்லியா?"

பெரியசாமி அண்ணன்கூட, வந்த வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தத் தாள் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மேல் கட்டத்தில் பள்ளம். நடுக் கட்டத்தில் பர்ட்டன் இறங்கி ஓடுகிறான். கீழ்க் கட்டத்தில் தொப்பியைக் கழற்றிக் குதிரையின் நெற்றிப் பொட்டின் மேல் வைக்கிறான். வசனம் கிடையாது. புழுதி செத்துவிட்டது.

முடிவைச் சொல்வதில்லை என்பது என் சட்டம். கதை விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்பதும் என் சட்டம்தான், அதை எழுதி வைக்கத் தேவை வந்ததில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் உடைத்தேன்.

"பொழைச்சிருச்சு," என்றேன். "ஆத்துல விழுந்து, நீந்திக் கரையேறிருச்சு."

பூங்கொடி தலையை ஆட்டினாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பிளாஸ்டிக் உறை, அதற்குள் பழுப்புக் காகித அட்டை. என் புத்தகத்தை என்னைவிட நன்றாக வைத்திருந்தாள். கல்லா மேல் வைத்து என் பக்கம் தள்ளினாள்.

"செத்துப்போச்சு. எனக்குத் தெரியும்," என்றாள். "நாலு வருசம் முன்னயே எம்பொண்ணு எங்கயோ தேடிப் புடிச்சு அந்தப் பக்கத்தப் போன்ல அனுப்பிச்சா. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் வந்தேன். செத்துருச்சுன்னு நீ சொல்லியிருந்தா, புத்தகத்த எடுத்துட்டுப் போயிருப்பேன்."

எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். பஷீரிடம், வாரேனுங்ண்ணா என்று சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். கார் கிளம்பிய பிறகுதான், அவள் போன் நம்பரைக்கூட வாங்கவில்லை என்று எனக்கு உறைத்தது. முன்பு செய்த அதே தப்பு. புத்தகத்தைப் பார்த்ததும் ஆளை விட்டுவிட்டேன்.

தாள் தாளாக

கூட்டம் கலைந்ததும் புத்தகத்தைப் பிரித்தேன். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். வாசனை மட்டும் மாறியிருந்தது, ரசகற்பூர உருண்டை வாசனை. மற்றபடி ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் போனேன். சதிகாரர்கள் கூடினார்கள், பர்ட்டனைக் கட்டிப்போட்டார்கள், புழுதி கட்டை அவிழ்த்தது, துரத்தினார்கள். புழுதி மலைச்சரிவில் நான்கு கால் பாய்ச்சலில் ஓடியது. அடுத்த பக்கம் பின்அட்டை.

நான் இன்னொரு முறை புரட்டினேன். குதிரை விழுகிற தாள் இல்லை.

பின் இரண்டும் நேர்த்தியாக மடக்கியிருந்தன. அட்டை புதிதாக ஒட்டியிருந்தது. கழற்றிய சுவடே தெரியவில்லை. எனக்குத் தெரிந்து உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அந்த வேலை வரும், ஏனென்றால் கொண்டை ஊசியைப் பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பின்அட்டைக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. டாக்டர்கள் எழுதுவது மாதிரிக் கிறுக்கல். மேலே ஒரு போன் நம்பர். கீழே:

'தாள் எங்கிட்ட இருக்குது. ஊட்டுக்கு வந்து வாங்கிக்க. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வெக்கறேன். கறி இல்ல, பயப்படாத.'

பஷீர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, இந்த அம்மா உன்னைவிடப் பெரிய கேடியாக இருக்கிறாரே என்றார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி என்று சொல்லமாட்டேன், அழுதேன்.

இந்த அத்தியாயம் நீங்கள் படிக்கிற வாரம், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மெடிக்கலுக்கு விடுமுறை. காலையில் திருச்செங்கோடு போகிறேன். தாளை வாங்கி வந்து சேர்த்துவிட்டால் என் வரிசையில் பாதி ஓட்டையாவது அடைபடும், ஆனால் புழுதி மறுபடியும் பள்ளத்தில் விழும். இப்போதைக்கு அது ஓடிக்கொண்டிருக்கிறது. சேர்ப்பதா, வேண்டாமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை. அவளுக்காக ஒரு காமிக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன், பழைய பின் அடித்த புத்தகம். புழுதியின் குட்டி வருகிற கதை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வந்தது, படித்திருக்கமாட்டாள்.

அதன் கடைசித் தாள் இங்கே பீரோவில் இருக்கிறது. சாவி என் இடுப்பில். பஷீருக்கு இடம்கூடத் தெரியாது.